காயலும் வண்டலும்

வெனிஸ் நகரம் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். மெய்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் அதிகம் அஞ்சியது தண்ணீருக்கல்ல, மண்ணுக்கு. பிரெந்தா, பியாவே முதலிய ஆறுகளின் வண்டல் தங்கள் காயலைத் தூர்த்துவிட்டால் கப்பல் ஏது, வியாபாரம் ஏது? 1501-ல் நீர்நிலைகளுக்கென்றே ஓர் அதிகார சபையை ஏற்படுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டி, ஆறுகளைக் காயலுக்கு அப்பால் திருப்பிக் கடலில் விட்டார்கள். லேசான காரியமா அது?

இதன் அருமை நமக்குத் தெரியவேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ்காரரான மார்க்கோ போலோ நம் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்து, காயல் பட்டினத்தைப் புகழ்ந்து சொல்லியிருக்கிறார். அரபு தேசத்துக் குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே நங்கூரம் பாய்ச்சின. தாமிரபரணி வண்டலைக் கொட்டக் கொட்டக் கடல் விலகிப்போயிற்று. இன்று பழைய காயல் உள்ளடங்கிய ஒரு கிராமம்.

மார்க்கோ போலோவின் வீடு இருந்த இடத்தைப் பார்க்கத்தான் நான் வெனிஸுக்குப் போனேன். ரியால்டோ பாலத்தின்மேல் நடந்தேன் என்று சொல்வதற்கில்லை, நகர்த்தப்பட்டேன். வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீடு இருந்ததாகச் சொல்லும் இடத்தில் மாலிப்ரான் என்ற நாடக அரங்கு நிற்கிறது. சுற்றிலும் முகமூடிக் கடைகள், கண்ணாடி மணிக் கடைகள்.

1951-ல் இந்தத் தீவு நகரில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிட, இரண்டு நாள் தங்குகிறவருக்கு விட்டால் வீட்டுக்காரருக்குப் பணம் அதிகம். ஆகவே இளசுகள் எதிர்க்கரையிலுள்ள மெஸ்த்ரேக்குப் போய்விடுகிறார்கள். ரியால்டோவுக்கு அருகே ஒரு மருந்துக் கடையின் ஜன்னலில் 2008 முதல் ஜனத்தொகையை விளக்கெழுத்தில் காட்டிவருகிறார்கள். ஜுரமானியைப் பார்ப்பதுபோல ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2021-ல் ராட்சதக் கப்பல்கள் ஊருக்குள் வருவதைத் தடுத்தது. 2024-ல் கூட்டம் மிகுந்த சில தினங்களில், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. எனக்கென்னவோ இது ஆற்றைத் திருப்புவதாகத் தோன்றவில்லை. ஆற்றிடம் சுங்கம் வாங்குவதாகத் தோன்றுகிறது.

மாலையில் படகுத் துறையில் ஒரு கிழவி காய்கறிப் பையுடன் நின்றாள். படகு வந்தது, உள்ளே எங்களைப் போன்றவர்களும் எங்கள் பெட்டிகளும். கிழவி சண்டை போடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த படகு வரும் திசையைப் பார்த்தாள்.