இரு திரையில் படத் தொகுப்பு: லினக்ஸ் கணினிக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு?

திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா எனப் படமெடுக்கும் நம்மவர்களில் சிலர், மாதச் சந்தா கட்டும் மென்பொருள்களை விட்டு லினக்ஸ் பக்கம் வருகின்றனர். கிம்ப், டார்க்டேபிள் இரண்டும் இலவசம். ஒரு மானிட்டரில் படம், மற்றொன்றில் கருவிகள் என வைத்துக்கொண்டால் வேலை விரைவாக முடியும். இதற்கென்று கடைக்குப் போனால், விளையாட்டுப் பிரியர்களுக்கான விலை உயர்ந்த கார்டைத்தான் பெரும்பாலும் முதலில் காட்டுவார்கள்.

அவ்வளவு செலவு தேவையில்லை. கிம்ப் பெரும்பாலும் செயலியையும் ரேமையும் நம்பியே இயங்குகிறது. அது மட்டும் போதும் என்பவர்களுக்குச் செயலியோடு சேர்ந்து வரும் இண்டெல் கிராஃபிக்ஸே இரண்டு திரையையும் சமாளிக்கும். கார்டின் பலன் தெரிவது டார்க்டேபிளில்தான். இரவில் எடுத்த ரா கோப்புகளில் இரைச்சலை நீக்கும்போது, அது ஓபன்சிஎல் வழியாகக் கணக்கீட்டைக் கார்டிடம் ஒப்படைக்கிறது. கார்டின் நினைவகம் போதாவிட்டால் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யும், வேகம் குறைந்துவிடும். 4 ஜிபி குறைந்தபட்சம், 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

ஏஎம்டியா, என்விடியாவா என்பதை டிரைவர்தான் முடிவு செய்கிறது. ஏஎம்டி டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருப்பதால், பொருத்தியதும் இரு திரையும் வேலை செய்யும். ஆனால் ஓபன்சிஎல்லுக்கு ரோக்எம் அல்லது மேசாவின் ரஸ்டிகிளைத் தனியே அமைக்க வேண்டும். என்விடியாவில் நேர் எதிர். அந்நிறுவனத்தின் டிரைவரை நிறுவினால் ஓபன்சிஎல் கூடவே வரும். கெர்னலைப் புதுப்பித்த பிறகு திரை வராமல் போகும் தொல்லை சில வேளைகளில் உண்டு. பழைய கார்டு வாங்குவோர் கவனிக்க: ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு 580 டிரைவர்தான் கடைசி. லினக்ஸுக்குப் புதியவர் என்றால் 8 ஜிபி கொண்ட ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 போன்றதே என் தேர்வு.

பழைய அலுவலகக் கணினி வைத்திருப்போருக்கு ஆர்எக்ஸ் 6400 பொருந்தும். 53 வாட்தான்; தனி மின்கம்பி வேண்டாம். ஆனால் அதில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட் என இரண்டே துளைகள். காணொளிப் பதிவை வேகப்படுத்தும் என்கோடரும் கிடையாது, ஆகவே வீடியோ செய்பவர்களுக்கு ஆகாது.

4கே மானிட்டர் என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கம்பியையே பயன்படுத்துங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 துளையில் 4கே படம் விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். மவுஸ் நகர்வதிலேயே தடுமாற்றம் தெரியும்.

வாங்குமுன் உபுண்டு ஏற்றிய பென்டிரைவைக் கடைக்குக் கொண்டுபோய், இரு மானிட்டர்களையும் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.