வண்டி பாதி, வீடு பாதி

சமீபமா என் காதில் அதிகம் விழுகிற கேள்வி இது. பத்து நாள் லீவ் போட்டுட்டு, தூங்க, சமைக்க வசதியுள்ள வண்டியில் வெளிநாட்டில் ஊர் சுத்தப் போறோம், எந்த வண்டியை எடுக்கிறது? காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லரா, பஸ் மாதிரி தானே ஓடுற மோட்டார்ஹோமா, இல்ல குட்டி கேம்பர் வேனா? யூடியூப்ல இதுக்கு ஆயிரம் பதில் இருக்கு. நான் வரலாறு பேசுற ஆள். அதனால இந்த வகைகள் ஏன் வந்தது, யாருக்காக வந்தது என்று பார்ப்போம்.

கதை இங்கிலாந்தில், குதிரை வண்டியில் தொடங்குது. வருஷம் 1885. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒருவர். கடற்படையில் டாக்டராக இருந்தவர், பிறகு பசங்களுக்கு சாகசக் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர். பிரிஸ்டல் வேகன் வொர்க்ஸ் கம்பெனியில் சொல்லித் தனக்கென்று ஒரு வண்டி செய்துகொண்டார். பெயர் 'வாண்டரர்'. சுமார் 2 டன் எடை, இழுக்க இரண்டு குதிரைகள். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரைக்கும் போனார். கூடவே ஒரு நாய், ஒரு கிளி, வண்டியோட்டி, அப்புறம் ஒரு வேலைக்காரர். அந்த வேலைக்காரருடைய முக்கிய வேலை, மூணு சக்கர சைக்கிளில் முன்னாடி போய், பின்னால் பெரிய வண்டி வருதுன்னு எல்லாருக்கும் சொல்றது! பொழுதுபோக்குக்காகவே கட்டின முதல் கேரவன் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் சக்கரத்து மேல வீடு என்பது அங்கே புதுசே இல்லை. ரோமா மக்கள் ஏற்கனவே அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் ஸ்டேபிள்ஸுக்கு ஆசையே வந்தது. தன்னை 'ஜென்டில்மேன் ஜிப்ஸி' என்று சொல்லிக்கொண்டார். அதே 1880களில் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தவாதி, வண்டியில் வாழும் குடும்பங்களைப் பதிவு செய்யணும், அதிகாரிகள் சோதனை போடணும் என்று ஒரு சட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். அந்த மசோதா பல தடவை வந்தும் நிறைவேறலை. இருந்தாலும் கவனிங்க: ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே மாதிரி வண்டி. டாக்டர் போனால் ஊரே வேடிக்கை பார்க்குது. ரோமா குடும்பம் போனால் ஊரே சந்தேகப்படுது. இதை மனசில் வைச்சுக்கோங்க, மறுபடியும் வரும்.

இப்போ அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். 1910ல் பியர்ஸ்-ஆரோ என்ற அமெரிக்க கார் கம்பெனி ஒரு காரைக் காட்சிக்கு வைத்தது. பின் சீட் படுக்கையாக விரியும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மடக்கி வைக்கிற வாஷ்பேசின். பணக்காரர் சமாச்சாரம், அதைச் சீக்கிரம் கடந்துடலாம். நமக்கு முக்கியமானவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன். பாக்டீரியா ஆராய்ச்சியாளர். 1929ல் குடும்பத்தோடு கேம்பிங் போனவர், கூடாரம் மாதிரி விரிக்கிற டிரெய்லரோடு மழையில் மாட்டிக்கொண்டு போராடினார். வெறுத்துப்போய், மரப்பெட்டி மாதிரி சுவரும் கூரையும் உள்ள ஒரு டிரெய்லரைத் தச்சர் வைத்துச் செய்தார். வீட்டுப் பிள்ளைகள் கிண்டலா வைத்த பேர் 'கவர்டு வேகன்', அதாவது 19ஆம் நூற்றாண்டில் மேற்கே குடியேறப் போனவர்களின் கூண்டு வண்டி. 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் 400 டாலர் விலை போட்டு நிறுத்தினார். சில வருஷத்திலேயே நாட்டின் பெரிய டிரெய்லர் கம்பெனி அவருடையதுதான்.

டிரெய்லர் ஏன் ஜெயிச்சது? கணக்கு எளிது. வீட்டில் இருக்கிற காரே போதும், இன்னொரு இன்ஜின் வாங்க வேண்டாம். போன இடத்தில் கழற்றி விட்டுட்டு காரை மட்டும் எடுத்துட்டுப் போகலாம். இன்னிக்கும் ஒரே இடத்தில் நாலஞ்சு நாள் தங்கப்போறவங்களுக்கு டிரெய்லர்தான் சரி என்பது என் கருத்து.

ஆனா காலத்தைப் பாருங்க. 1930கள், பெரும் மந்தநிலை. வேலையும் வீடும் போனவர்களுக்கு விடுமுறை டிரெய்லரே வீடாச்சு. அடுத்து உலகப்போர். ஆயுதத் தொழிற்சாலை ஊர்களுக்கு வந்து குவிந்த தொழிலாளர்களைத் தங்கவைக்க அரசாங்கமே ஆயிரக்கணக்கில் டிரெய்லர் வாங்கியது. 1950களின் நடுவில் விஸ்கான்சினில் எல்மர் ஃப்ரே என்பவர், அதுவரை 8 அடியாக இருந்த அகலத்தை 10 அடியாக்கினார். சும்மா ரெண்டு அடிதானேன்னு தோணும். ஆனா சாதாரணமாக ரோட்டில் இழுக்க அனுமதித்த அகலம் 8 அடி. அதைத் தாண்டினால் தனி அனுமதி வேணும். அதாவது, அடிக்கடி நகராத டிரெய்லர். மெல்ல மெல்லத் தொழிலே ரெண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் 'மொபைல் ஹோம்', பேரில் மட்டும்தான் மொபைல், அது எளியவர்களின் வீடு. இன்னொரு பக்கம் லீவுக்குப் போகிற டிராவல் டிரெய்லர். எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடம் இதுதான். யார் விரும்பிப் போறாங்க, யார் வேற வழியில்லாமல் இருக்காங்க என்பதை ரெண்டு அடி பிரிச்சுக் காட்டிடுச்சு.

ஐரோப்பாவில் அப்போ அவ்வளவு பெரிசா யோசிக்க யாரிடமும் காசில்லை. போர் முடிந்த ஜெர்மனி. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களை நெதர்லாந்தில் இறக்குமதி செய்த பென் பான், 1947ல் தன் நோட்டில் பெட்டி மாதிரி ஒரு வேனைக் கிறுக்கினார். 1950ல் அது உற்பத்திக்கு வந்தது, வெறும் 25 குதிரைசக்தி. அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதற்குள் பொருத்த ஒரு 'கேம்பிங் பாக்ஸ்' கொண்டுவந்தது. வார நாட்களில் கடைச் சரக்கு ஏற்றலாம், சனிக்கிழமை பாக்ஸை வைச்சுக் குடும்பத்தோடு கிளம்பலாம். பிற்பாடு ஹிப்பிகள் இதே வேனைத்தான் பூப்போட்டுக் கொண்டாடினார்கள். ஆனால் அது பிறந்தது சிக்கனத்தில். தினமும் ஊர் மாறப்போறீங்க, பழைய ஊர்களின் சந்துக்குள் நுழையணும்னா, இன்னிக்கும் யோசிக்காம வேனைத்தான் எடுங்கன்னு சொல்வேன்.

மோட்டார்ஹோமுக்கு அகலமான ரோடும் மலிவான பெட்ரோலும் வேணும். 1956ல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. பத்து வருஷம் கழிச்சு, 1966ல், அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ கம்பெனி, கார் மாதிரியே அசெம்பிளி லைனில் மோட்டார்ஹோம் செய்து, மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி விலைக்கு விற்றது. நடுத்தர வர்க்கமும் வாங்க ஆரம்பிச்சுது. 1973ல் எண்ணெய்த் தடை வந்ததும், லிட்டர் லிட்டராகக் குடிக்கிற அந்த யானையை ஷோரூமில் சீந்த ஆளில்லை.

ஒரு சின்ன விலகல். 'வின்னபேகோ' என்பது ஹோ-சங்க் பழங்குடி மக்களுக்கு மற்றவர்கள் வைத்த பேர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு அவர்களை விஸ்கான்சினிலிருந்து அயோவாவுக்கும், அங்கிருந்து மினசோட்டாவுக்கும், பிறகு தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா என்றும் துரத்திக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப இடம் மாற்றப்பட்ட மக்களின் பேர், உல்லாசப் பயண வண்டிக்கு. கம்பெனி தன் கவுண்டியின் பேரைத்தான் வைத்தது, தெரியும். இருந்தாலும் எனக்கு உறுத்துது.

2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு இது மறுபடியும் நடந்தது. ஜெசிக்கா புரூடர் 2017ல் வெளியிட்ட 'நோமேட்லேண்ட்' புத்தகம் (படமாகவும் வந்தது, பார்த்திருப்பீங்க) அறுபது, எழுபது வயசில் வேனில் வாழ்ந்துகொண்டு, கிடங்கு வேலைக்கும் சுகர் பீட் அறுவடைக்கும் ஊர் ஊராகப் போகிறவர்களைப் பற்றியது. அவர்களும் நம்மைப் போலவே எந்த வண்டி என்று அலசுகிறார்கள். நாம கேட்கிறது, ஷவர் இருக்கா, ஜன்னல் பெரிசா என்று. நகரத் தெருவில் ராத்திரி நிறுத்தித் தூங்க வேண்டியவர்கள் தேடுவது, ஜன்னலே இல்லாத, சாதாரண வெள்ளை சரக்கு வேன். உள்ளே ஆள் இருப்பது போலீஸுக்குத் தெரியக்கூடாது.