நாற்காலிச் சண்டையும் ஜெகஜீவன் ராமும்
1977 பிப்ரவரியில் காங்கிரசை விட்டு வெளியேறி, ஜனதாவின் வெற்றிக்குத் தோள்கொடுத்தவர் ஜெகஜீவன் ராம். ஆனால் மார்ச்சில் பிரதமரானவர் மொரார்ஜி தேசாய்.

மே மாதம் பீகாரின் பெல்ச்சியில் 11 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 8 பேர் தலித்துகள். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். ஆளுங்கட்சித் தலைவர்களோ டெல்லியில் பதவிக்காக மோதிக்கொண்டிருந்தனர்.

1979 ஜூலையில் மொரார்ஜி பதவி விலகினார். கட்சியை உடைத்து வெளியேறிய சரண் சிங், இந்திரா காந்தியின் ஆதரவோடு பிரதமரானார். அந்த ஆதரவு கைவிட்டுப் போனதும், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே ஆகஸ்ட் 20இல் விலகினார்.

அப்போது ஜனதாவின் நாடாளுமன்றக் கட்சித் தலைவர் ஜெகஜீவன் ராம். ஆட்சியமைக்க உரிமை கோரினார். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி அவரை அழைக்காமல், ஆகஸ்ட் 22இல் மக்களவையைக் கலைத்தார். பெரும்பான்மையை நிரூபிக்கச் சரண் சிங்குக்குக் கிடைத்த வாய்ப்பு இவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த அநீதியை நாம் மறக்கக் கூடாது. அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பெல்ச்சியும் விழுப்புரமும் நடந்தபோது அவர் மத்திய அமைச்சர். அமைச்சரவையில் நம்மவர் ஒருவர் இருப்பது கொலைகளைத் தடுக்கவில்லை. எனவே தோழர்களே, அடுத்த பிரதமர் யார், முதல்வர் யார் என்று காத்திருக்காமல், ஊர்தோறும் நம் அமைப்பைக் கட்டுவோம். நாற்காலியில் யார் அமர்ந்தாலும் பதில் சொல்ல வைக்க அதுவே வழி.