அடுத்த பெருந்தொற்று வந்தால் கெடா தயாரா? சட்டம், திட்டம், தோட்டப்புற நிலை: ஒரு விளக்கம்

2020 ஜூலை 13-ஆம் தேதி இந்தியாவிலிருந்து கெடா திரும்பிய ஓர் உணவக உரிமையாளர், வீட்டில் தனித்திருக்க வேண்டிய நாட்களில் தம் கடைக்குச் சென்றார். குபாங் பாசு மாவட்டம் நாப்போவில் தொடங்கிய அந்தத் தொற்று பெர்லிஸ், பினாங்கு வரை பரவி 45 பேரைப் பாதித்தது. ‘சிவகங்கா கிளஸ்டர்’ என்று நாடு முழுவதும் பேசப்பட்டது அதுதான். சம்பந்தப்பட்டவருக்கு அலோர் ஸ்டார் நீதிமன்றம் ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது.

தனிமனிதரின் தவறு நீதிமன்றத்தோடு முடிந்தது. ஆனால் வீட்டிலேயே தனிமைப்படுத்தும் ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதையும் அச்சம்பவம் காட்டியது. நாட்டுக்குள் வரும் அனைவரும் அரசு நிர்ணயித்த மையங்களில்தான் தங்க வேண்டும் என்ற விதி அதே ஜூலை 24-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பதினொரு நாள் முன்னதாக அது வந்திருந்தால் நாப்போவின் கதை வேறாக இருந்திருக்கும். முன்கூட்டியே திட்டமிடுவது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கெடா மக்களுக்குத் தேவையில்லை.

அடுத்த பெருந்தொற்றை எதிர்கொள்ள நாட்டில் என்னென்ன ஏற்பாடுகள் உள்ளன, அவை தோட்டங்களுக்கும் சிறு பட்டணங்களுக்கும் எப்படி வந்து சேரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிப்பா கற்றுத்தந்த பாடம்

மலேசியாவின் இன்றைய தயார்நிலைக்கு அடித்தளமிட்டது கோவிட் அல்ல. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு வந்த நிப்பா. 1998 இறுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, நெகிரி செம்பிலானின் சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக் வரை அது பரவியது. 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் உயிரிழந்தனர். பண்ணைகளில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டோரில் இருந்தனர்.

முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசு மருந்து அடிக்கப்பட்டது, அக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போடப்பட்டது. நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு நெருங்கி வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றனர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங் புதிய கிருமியைப் பிரித்தறிந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. சுமார் 11 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் அது வந்தது. மனிதரின் உடல்நலம், விலங்கின் நலம், சுற்றுச்சூழல் மூன்றையும் ஒன்றாகக் கவனிக்க வேண்டும் என்ற ‘ஒரே சுகாதாரம்’ கொள்கைக்கு நிப்பா உலகப் பாடமானது. கெடாவுக்கும் இதில் அனுபவம் உண்டு. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது, சுகாதாரத் துறையும் கால்நடைச் சேவைத் துறையும் சேர்ந்தே களமிறங்க வேண்டியிருந்தது.

யார் எதற்குப் பொறுப்பு?

2003-இல் சார்ஸ் வந்தது. மலேசியாவில் இருவர் இறந்தனர். அதன் பின் பறவைக் காய்ச்சல் அச்சம் எழ, 2006-இல் தேசிய இன்புளூயன்சா பெருந்தொற்று ஆயத்தத் திட்டம் வெளியிடப்பட்டது. 2007-இல் சுகாதார அமைச்சில் நெருக்கடி ஆயத்த நடவடிக்கை மையம் அமைந்தது. சி.பி.ஆர்.சி. என்று கோவிட் காலத்தில் தினமும் காதில் விழுந்த பெயர் இதுதான். நோய்த் தகவல்கள் வந்து சேரும் இடமும் உத்தரவுகள் புறப்படும் இடமும் இதுவே.

மாநில அளவில் அலோர் ஸ்டாரிலுள்ள கெடா சுகாதார இலாகாவும், அதன்கீழ் மாவட்ட சுகாதார அலுவலகங்களும் செயல்படுகின்றன. கோல மூடா, கூலிம், பாலிங் போன்ற தோட்டப்புற மாவட்டங்களில் தொற்று கண்டவர்களின் தொடர்புகளைத் தேடுவது, வீட்டுக் கண்காணிப்பு உத்தரவு தருவது, தடுப்பூசி முகாம் நடத்துவது எல்லாம் இந்த மாவட்ட அலுவலகங்களின் வேலை.

நோய் பேரிடராக மாறும்போது பொறுப்பு சுகாதாரத் துறையோடு நிற்பதில்லை. 1997-இல் வந்த தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் எண் கட்டளை மத்திய, மாநில, மாவட்ட நிலைகளில் பேரிடர் நிர்வாகக் குழுக்களை ஏற்படுத்தியது. மாவட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. போலீஸ், தீயணைப்பு, பொது தற்காப்பு, சமூகநல இலாகா ஆகியவை அதில் இடம்பெறும். 2015-இல் தொடங்கிய தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா இவற்றை ஒருங்கிணைக்கிறது. வெள்ளக் காலத்தில் தோட்ட மக்கள் பார்த்துப் பழகிய அதே அமைப்புதான் இது.

சிகிச்சைக்குக் கெடாவில் அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம், கூலிம் ஆகிய மூன்று பெரிய மருத்துவமனைகள் உள்ளன. ஜித்ரா, பாலிங், சிக், கோல நெராங், யான், லங்காவி ஆகிய இடங்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. தீவிர சிகிச்சை தேவைப்படும் நோயாளி கடைசியில் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பாலிங் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணி வரை ஆம்புலன்ஸ் ஓடும் நேரமும் தயார்நிலையின் ஒரு பகுதியே. 2021 ஆகஸ்டு 26-ஆம் தேதி நாட்டில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று உறுதியான காலத்தில், இந்த நெருக்கடியை வடமாநிலங்கள் நேரடியாக உணர்ந்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

இவை அனைத்துக்கும் அதிகாரம் தருவது 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். ‘சட்டம் 342’ என்று பரவலாக அறியப்படுவது. ஒரு பகுதியைத் தொற்றுப் பகுதியாக அறிவிக்க அமைச்சருக்கும், நோயாளியைத் தனிமைப்படுத்தவும் தொடர்பில் இருந்தவரைக் கண்காணிப்பில் வைக்கவும் அதிகாரிகளுக்கும் இது உரிமை தருகிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இதன்கீழ் வந்ததே.

பொதுமக்களுக்கும் இச்சட்டம் ஒரு கடமையைத் தருகிறது. அதன் 10-ஆவது பிரிவுப்படி, வீட்டில் ஒருவருக்குச் சட்டம் குறிப்பிடும் தொற்றுநோய் இருப்பது தெரிந்தால், அங்குள்ள வயது வந்தவர் அருகிலுள்ள மாவட்ட சுகாதார அலுவலகம், அரசு சுகாதார நிலையம், போலீஸ் நிலையம் அல்லது கிராமத் தலைவரிடம் தெரிவிக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது.

அபராதம் பற்றியும் சர்ச்சை எழுந்தது. விதிமீறலுக்கு 1,000 ரிங்கிட்டாக இருந்த அபராதத்தை, 2021 மார்ச்சில் அவசரகாலச் சட்டம் தனிநபருக்கு 10,000 ரிங்கிட் வரை உயர்த்தியது. முகக்கவசம் சரியாக அணியாததற்கு ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம் போய்விடுமோ என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. அபராதத்துக்குப் பயந்து நோயை மறைக்கும் நிலை வந்தால், கண்காணிப்பு அமைப்பே குருடாகிவிடும் என்பது பொதுச் சுகாதாரத் துறையினர் உலகெங்கும் சொல்லும் எச்சரிக்கை.

தோட்டப்புறத்தின் தனிச் சிக்கல்கள்

தோட்ட மக்களுக்குத் தொற்றுக் கட்டுப்பாடு புதிதல்ல. தமிழகத்திலிருந்து கப்பலில் பினாங்கு வந்த முன்னோர் பலர், கெடா தோட்டங்களுக்குப் போவதற்கு முன் புலாவ் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டனர். 1918 அக்டோபரில் இன்புளூயன்சா மலாயாவைத் தாக்கியபோது, நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தொழிலாளர்களே அதிகம் பாதிக்கப்பட்டோரில் இருந்தனர்.

நெருக்கடியான குடியிருப்பு என்ற சிக்கல் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளுக்கு மாறியிருக்கிறது. 2020 நவம்பரில் கிள்ளான் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று பரவியதை நாடே பார்த்தது. 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், அதாவது சட்டம் 446, முன்பு தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 2020 ஜூன் 1 முதல் அதை எல்லாத் துறைகளுக்கும் விரிவாக்கியது. பொதுக்கூட விடுதியில் ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர், மற்ற குடியிருப்பில் 3.6 சதுர மீட்டர் படுக்கை இடம் வேண்டும். குடியிருப்புக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழும் வேண்டும். காய்ச்சல் காணும் முன் செய்ய வேண்டிய வேலை இது. தொற்று வந்த பின் விடுதியை விரிவாக்க முடியாது.

இரண்டாவது சிக்கல், டிரெசர் இல்லாத தோட்டங்கள். ஒரு காலத்தில் எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது எஸ்டேட் டிரெசருக்கு அன்றே தெரிந்துவிடும். 1965-இல் அவர்களுக்கெனத் தனிப் பதிவுச் சட்டமே வந்தது. தோட்டங்கள் கைமாறி, வீட்டுமனைகளாகி, மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்ததும் அந்தக் கண்ணும் காதும் மறைந்தன. எஞ்சிய தோட்டங்களில் வசிப்போர் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள கிளினிக் கெசிஹாத்தானை நம்பியிருக்கின்றனர். மோட்டார் சைக்கிள் இல்லாத முதியவர் மூன்றாம் நாள்தான் டாக்டரைப் பார்ப்பார். அதற்குள் கிருமி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.

மூன்றாவது, நாள் சம்பளம். கட்டுப்பாட்டுக் காலத்திலும் நிபந்தனைகளோடு தோட்டங்கள் இயங்க அனுமதிக்கப்பட்டன. வேலைக்குப் போனால்தான் கூலி என்ற நிலையில், லேசான இருமலுக்கு வீட்டில் இருக்க யாரும் துணிவதில்லை. தனிமையில் இருப்பவருக்குச் சம்பளம் உண்டா, இல்லையா என்பதைத் தொற்று வருவதற்கு முன்பே நிர்வாகமும் தொழிற்சங்கமும் பேசி முடிப்பதே சரி.

நான்காவது, மொழி. 2020-இல் தினசரி அறிவிப்புகள் மலாயில் வந்தன. தமிழ் மட்டுமே வாசிக்கும் மூத்தவர்களுக்கு மின்னல் பண்பலையும் தமிழ் நாளிதழ்களும் பாலமாயின. இடைவெளிகளை வாட்ஸ்அப் வதந்திகள் நிரப்பின. மைசெஜாத்ராவில் பதிய கைப்பேசி இல்லாத தாத்தா பாட்டிகளைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் கணக்கில் சேர்த்தனர். அப்படிச் சேர்க்க ஆளில்லாதவர்களின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு குடியிருப்பிலும் முன்கூட்டியே இருப்பது நல்லது.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். நோய்களுக்கு ஊர், மக்கள் பெயரைச் சூட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. நிப்பா ஒரு கம்பத்தின் பெயர். சிவகங்கை ஒரு தமிழ் மாவட்டத்தின் பெயர். அந்த ஊரோடு உறவுள்ள, ஒரு தவறும் செய்யாத குடும்பங்களும் அப்பெயரைச் சுமக்க நேர்கிறது.

உலக ஒப்பந்தம் என்ன மாற்றும்?

2025 மே 20-ஆம் தேதி ஜெனீவாவில் உலக சுகாதார மாநாடு பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. புதிய கிருமியின் தகவலை நாடுகள் விரைந்து பகிர வேண்டும். பதிலுக்கு, பங்கேற்கும் மருந்து நிறுவனங்கள் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி உற்பத்தியில் 20 விழுக்காட்டை ஒதுக்க இலக்கு வைக்க வேண்டும். அதில் குறைந்தது 10 விழுக்காடு நன்கொடையாக வரும் என்பதே இதன் மையம். இந்தப் பகிர்வு முறைக்கான இணைப்பு முடிவான பிறகே ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கும். 60 நாடுகள் உறுதிசெய்தால் நடப்புக்கு வரும்.

உலக நிறுவனம் இனி நேரடியாக ஊரடங்கு போடும், கட்டாயத் தடுப்பூசி போடும் என்று பரவும் செய்தி தவறு. அத்தகைய அதிகாரம் இல்லை என்று ஒப்பந்தமே சொல்கிறது. முடிவு அந்தந்த நாட்டிடம்தான்.

2021 பிப்ரவரி 24-ஆம் தேதி மலேசியாவில் முதல் ஊசி போடப்பட்டபோது, பல பணக்கார நாடுகள் இரண்டு மாதங்களுக்கும் மேலாக ஊசி போட்டுக்கொண்டிருந்தன. கோவிட் இந்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தடுப்பூசி சில மாதம் முன்பே வந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும் என்பதை எண்ணினால், ஜெனீவாவில் பேசப்படும் விழுக்காடு பீடோங்குக்கும் லூனாசுக்கும் தூரமானதல்ல என்பது புரியும்.

இப்போதே செய்யக்கூடியவை

குடும்பங்கள்: அருகிலுள்ள கிளினிக், மாவட்ட சுகாதார அலுவலகத்தின் எண்ணை எழுதி வையுங்கள். இனிப்பு நீர், இரத்த அழுத்த மருந்து தீரும்வரை காத்திராமல் முன்கூட்டியே வாங்குங்கள். பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

கோழி, ஆடு, மாடு வளர்ப்போர்: பல விலங்குகள் திடீரென இறந்தால் புதைத்துவிட்டு மறைக்காமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். வௌவால் கடித்த பழத்தை உண்ணவோ விலங்குக்குப் போடவோ வேண்டாம்.

தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும்: தனிமைப்படுத்த ஒரு காலி வீடு அல்லது மண்டபம், நோயாளியை ஏற்றிச் செல்ல வாகனம், சம்பள ஏற்பாடு ஆகிய மூன்றையும் எழுத்தில் முடிவு செய்து வையுங்கள்.

ஆலயங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும்: தனியாக வாழும் முதியோர், உடற்குறையுள்ளோர் பட்டியலைத் தயாரித்து ஆண்டுக்கொரு முறை புதுப்பியுங்கள். மாவட்டப் பேரிடர் குழுவோடு பேச ஒருவரை நியமியுங்கள்.

வெள்ளம் வருமுன் வடிகாலைத் துப்புரவு செய்ய யாரும் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. இந்தப் பட்டியலும் அப்படிப்பட்டதுதான். வருகிற கூட்டத்திலேயே இதில் ஒன்றைத் தொடங்கலாம்.