கிளிமஞ்சாரோ முதல் சான்சிபார் வரை: தான்சானியாவில் காண வேண்டிய இடங்கள்

இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையில் அமைந்துள்ள தான்சானியா, ஆப்பிரிக்காவின் மிக உயரமான சிகரத்தையும் உலகப் புகழ்பெற்ற விலங்குகளின் இடப்பெயர்ச்சியையும் ஒருங்கே கொண்ட நாடாகும்.

5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவின் உச்சியைக் கயிறு, கொக்கி போன்ற கருவிகள் இன்றி நடந்தே அடையலாம். எனினும் உயரத்தால் ஏற்படும் உடல்நலக் குறைவால் பலர் பாதியிலேயே திரும்ப நேரிடுகிறது. ஓரிரு நாள்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஏறுவதே நலம். சிகரத்தின் பனிப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி 1912-க்குப் பின் மறைந்துவிட்டது. எஞ்சியதும் 2050-க்குள் மறையக்கூடும் என யுனெஸ்கோ 2022-இல் எச்சரித்தது.

செரங்கெட்டி சமவெளியில் சுமார் 15 லட்சம் வில்டபீஸ்ட் மான்கள் ஆண்டுதோறும் மழையையும் புல்லையும் தேடி நகர்கின்றன. பிப்ரவரியையொட்டி அவை தெற்கில் கன்று ஈனும். ஜூலை முதல் செப்டம்பர் வரை முதலைகள் நிறைந்த மாரா ஆற்றைக் கடக்கும். ஆயினும் அவை எந்த நாளில் கடக்கும் என்று எந்த வழிகாட்டியாலும் உறுதி கூற இயலாது.

அருகிலுள்ள கோரோங்கோரோ, பண்டைய எரிமலை உள்வாங்கியதால் உருவான சுமார் 600 மீட்டர் ஆழப் பள்ளம். சிங்கம், யானை, அருகிவரும் கறுப்புக் காண்டாமிருகம் ஆகியவற்றை இங்கு ஒரே நாளில் காண வாய்ப்புண்டு. மாசாய் மக்கள் கால்நடைகளுடன் வாழ இடமளித்து 1959-இல் உருவாக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதி இது. அவர்களை வேறிடத்தில் குடியமர்த்தும் அரசின் திட்டம் அண்மை ஆண்டுகளில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பயணிகள் காணும் எழிலுக்குப் பின்னுள்ள இந்த வழக்கையும் அறிந்து செல்வது நன்று. இதே பகுதியிலுள்ள லேட்டோலியில், 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிமிர்ந்து நடந்த மனித மூதாதையரின் காலடித் தடங்கள் கண்டறியப்பட்டன.

சான்சிபார் தீவின் ஸ்டோன் டவுன் 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அரபு, இந்திய, சுவாஹிலி மரபுகள் கலந்த இந்நகரின் செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுகளில் பித்தளைக் குமிழ்கள் பதிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் யானைகள் கதவில் மோதாமல் இருக்கப் பொருத்தப்பட்ட குமிழ்கள், யானையே இல்லாத தீவில் அலங்காரமாகிவிட்டன எனக் கூறப்படுகிறது. தேநீருக்கு 'சாய்', ரொட்டிக்கு 'சப்பாத்தி' என்றே சுவாஹிலியிலும் பெயர். 1873-இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இன்று தேவாலயம் நிற்கிறது. 1883-இல் கட்டப்பட்ட 'அதிசய மாளிகை'யின் ஒரு பகுதி, சீரமைப்புப் பணியின்போது 2020 டிசம்பரில் இடிந்து இருவர் உயிரிழந்தனர். சென்னை ஐஐடி 2023-இல் தனது முதல் வெளிநாட்டு வளாகத்தைத் தொடங்கியதும் சான்சிபாரில்தான்.

தான்சானியாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தடை உள்ளது. விமானப் பயணிகளுக்கும் இது பொருந்தும்.