கொக்கி ஊசி, கொஞ்சம் நூல்... உங்க வீட்டுக்கும் வருவான் பீட்டர் ராபிட்!

இன்ஸ்டாவைத் திறந்தாலே குட்டிக் குட்டி நூல் பொம்மைகள்தான். உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் கரடி, பையில் தொங்கும் பூனை, கார் கண்ணாடியில் ஆடும் ஆக்டோபஸ்... இவற்றுக்குப் பெயர் அமிகுருமி. ஜப்பானிய மொழியில் 'அமி' என்றால் நூலால் பின்னுவது. 'நுயிகுருமி' என்றால் பஞ்சு அடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்து அமிகுருமி.

பார்க்க கஷ்டமாகத் தெரியும். ஆனா ஒரே ஒரு தையலையும் கொஞ்சம் எண்ணிக்கையையும் கத்துக்கிட்டா போதும். முதல் பொம்மையாக ஒரு கதைப் புத்தக நாயகனையே பின்னிப் பார்க்கலாமா? 120 வயதைத் தாண்டியும் குழந்தைகளின் செல்லமாக இருக்கும் பீட்டர் ராபிட்தான் அவன்.

யார் இந்த பீட்டர்?

இங்கிலாந்து எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர், 1893 செப்டம்பரில் உடம்பு சரியில்லாமல் இருந்த 5 வயது சிறுவன் நோயலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் மகன் அவன். படங்களோடு அந்தக் கடிதத்தில் சொன்ன முயல் கதைதான் பிறகு புத்தகமானது. பதிப்பகங்கள் கைவிரித்ததால் 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902-ல் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களுடன் வெளியிட்டது. அதன்பிறகு நடந்ததெல்லாம் வரலாறு.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 1903-ல் பாட்டரே தன் கையால் ஒரு பீட்டர் துணி பொம்மை செய்து, அதை லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்தார். மீசைக்காக ஒரு பிரஷ்ஷிலிருந்து முடிகளைப் பிடுங்கினாராம்! ஆக, இந்த முயலை வீட்டிலேயே செய்வது அவர் தொடங்கிவைத்த பழக்கம்தான்.

அச்சு அசலா இருக்கணுமா?

வேண்டியதே இல்லை. கதை பொம்மை பின்னுறவங்க செய்யும் பெரிய தப்பு, படத்தில் இருக்கும் எல்லாவற்றையும் நூலில் கொண்டுவர நினைப்பது. 15 சென்டிமீட்டர் பொம்மையில் அதற்கு இடம் இல்லை. "அட, இது பீட்டர்!" என்று சொல்லவைக்க மூன்று அடையாளம் போதும்: பழுப்பு நிற உடம்பு, நிமிர்ந்த நீளக் காதுகள், நீல ஜாக்கெட்.

அதிலும் ஜாக்கெட்தான் கதையின் உயிர். மெக்ரெகர் தாத்தாவின் தோட்டத்தில் திருட்டுத்தனமாக நுழையும் பீட்டர், துரத்தல் தாங்காமல் ஓடும்போது, ஜாக்கெட்டின் பித்தளை பட்டன்கள் வலையில் மாட்டிக்கொள்ளும். ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் தப்பிப்பான். அதனால் நம் பொம்மையில் ஜாக்கெட்டை உடம்போடு சேர்த்துத் தைக்கக் கூடாது. கழற்றி மாட்டும்படி இருந்தால்தான் குழந்தை அந்தக் கதையைக் கையால் விளையாட முடியும்.

என்னென்ன வேணும்?

* பழுப்பு நிற காட்டன் நூல் – 50 கிராம் உருண்டை ஒன்று
* நீலம், வெள்ளை, கறுப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு – கொஞ்சம் கொஞ்சம்
* 2.5 மி.மீ. குரோஷே ஊசி
* பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சு
* மொக்கை முனை தையல் ஊசி, கத்தரிக்கோல், ஒரு சேஃப்டி பின்

வீட்டில் இருக்கும் இலவம் பஞ்சை அடைக்கலாமேன்னு தோணும். வேண்டாம். துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும், காயவும் நேரமாகும்.

அடிப்படை இவ்வளவுதான்

மேஜிக் ரிங் எனப்படும் நூல் வளையத்தில் 6 சிங்கிள் குரோஷே போட்டு ஆரம்பிக்கணும். அப்புறம் சுற்றுகளை இணைக்காமல், சுருள் போலத் தொடர்ந்து பின்னிக்கொண்டே போகணும். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் சேஃப்டி பின்னை மாட்டிவையுங்கள். இல்லைன்னா எண்ணிக்கை நிச்சயம் தப்பும்.

ஒரே கண்ணியில் இரண்டு போட்டால் 'கூட்டல்'. இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கினால் 'குறைத்தல்'. ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டினால் தட்டையான வட்டம் வரும். கூட்டாமல் பின்னினால் சுவர் போல எழும்பும். 6 குறைத்தால் வாய் மூடும். இந்த லாஜிக் புரிந்துவிட்டால் எந்த உருண்டையையும் நீங்களே கணக்குப் போட்டுப் பின்னலாம்.

ஒரு எச்சரிக்கை: அமெரிக்கப் பேட்டர்னில் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் பேட்டர்னில் டபுள் குரோஷே என்பார்கள். யூடியூப் பார்த்துப் பின்னும்போது இது எந்த ஊர்க் கணக்கு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நாம் சொல்வது அமெரிக்கக் கணக்கு.

தலையும் உடம்பும் (பழுப்பு, ஒரே துண்டாக)

தலையைத் தனியாகப் பின்னித் தைத்தால் கழுத்து ஆடும். அதனால் தொடர்ந்தே பின்னிவிடலாம். கோடுக்குப் பிறகு வருவது அந்தச் சுற்றின் மொத்தக் கண்ணிகள்.

1: மேஜிக் ரிங்கில் – 6
2: எல்லாவற்றிலும் கூட்டல் – 12
3: (1 கண்ணி, 1 கூட்டல்) 6 முறை – 18
4: (2 கண்ணி, 1 கூட்டல்) 6 முறை – 24
5: (3 கண்ணி, 1 கூட்டல்) 6 முறை – 30
6 முதல் 11: கூட்டாமல் குறைக்காமல் – 30
12: (3 கண்ணி, 1 குறைத்தல்) 6 முறை – 24
13: (2 கண்ணி, 1 குறைத்தல்) 6 முறை – 18
14: அப்படியே – 18. இதுதான் கழுத்து. தலையில் பஞ்சை இறுக்கமாக அடையுங்கள்.
15: (2 கண்ணி, 1 கூட்டல்) 6 முறை – 24
16 முதல் 22: அப்படியே – 24
23: (2 கண்ணி, 1 குறைத்தல்) 6 முறை – 18. உடம்பில் பஞ்சு அடையுங்கள். கழுத்துப் பகுதியில் மறக்காமல் நிறைய!
24: (1 கண்ணி, 1 குறைத்தல்) 6 முறை – 12
25: 6 குறைத்தல் – 6. நூலை இழுத்து மூடி, முடிச்சுப் போட்டு, மீதியை உள்ளே விடுங்கள்.

காது, கை, கால், வால்

காது (2): 6, (1 கண்ணி, 1 கூட்டல்) 3 முறை – 9, (2 கண்ணி, 1 கூட்டல்) 3 முறை – 12, அடுத்த 6 சுற்று 12, (2 கண்ணி, 1 குறைத்தல்) 3 முறை – 9. பஞ்சு வேண்டாம். தட்டையாக்கி தலையின் 3, 4-ம் சுற்றுகளில் தைக்கவும்.

கை (2): 6, (1 கண்ணி, 1 கூட்டல்) 3 முறை – 9, 2 சுற்று 9, (1 கண்ணி, 1 குறைத்தல்) 3 முறை – 6, 5 சுற்று 6. உள்ளங்கைப் பகுதியில் மட்டும் துளி பஞ்சு. கை வளைந்து கொடுத்தால்தான் ஜாக்கெட்டுக்குள் நுழையும். கழுத்துக்குச் சற்றுக் கீழே, 16-ம் சுற்றில் பக்கத்துக்கு ஒன்றாகத் தைக்கவும்.

கால் (2): 6, 12, 2 சுற்று 12, (2 கண்ணி, 1 குறைத்தல்) 3 முறை – 9, 4 சுற்று 9. பஞ்சு அடைத்து உடம்பின் அடியில் தைக்கவும்.

வால் (வெள்ளை): 6, 12, 12, 6 குறைத்தல் – 6. கொஞ்சம் பஞ்சு அடைத்துத் தைத்தால் முடிந்தது.

செருப்பு எங்கேன்னு கேட்பீங்க. கதையில் ஒன்றை முட்டைக்கோஸ் பாத்தியிலும் இன்னொன்றை உருளைக்கிழங்குப் பாத்தியிலும் பீட்டர் ஏற்கெனவே தொலைத்துவிட்டான். நமக்கு வேலை மிச்சம்!

நீல ஜாக்கெட்

இது சுற்றாக இல்லை, வரிசையாகப் பின்னுவது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் 1 செயின் போட்டுத் திருப்பவும்.

1: 21 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி – 20
2: (3 கண்ணி, 1 கூட்டல்) 5 முறை – 25
3: (4 கண்ணி, 1 கூட்டல்) 5 முறை – 30
4: 5 கண்ணி, 5 செயின் போட்டு 5 கண்ணியைத் தாண்டவும், 10 கண்ணி, மறுபடி 5 செயின், 5 தாண்டல், 5 கண்ணி – 30. இந்த இரண்டு இடைவெளிதான் கை நுழையும் வழி.
5 முதல் 9: அப்படியே – 30

முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். பித்தளை பட்டன்களுக்குப் பதில் மஞ்சள் நூலில் முடிச்சு வைத்து எம்பிராய்டரி செய்யுங்கள்.

கண்ணில்தான் கவனம் வேணும்

கடையில் விற்கும் பிளாஸ்டிக் கண்களுக்கு 'சேஃப்டி ஐஸ்' என்றுதான் பெயர். அந்தப் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கடித்து இழுத்தால், கண்ணிகள் தளர்ந்து கண் பொம்மையோடு பிய்ந்து வரலாம். அது தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பட்டன், மணி, கம்பி எல்லாமே இதே கதைதான்.

அதனால் 8, 9-ம் சுற்றுகளுக்கு நடுவே, 8 கண்ணி இடைவெளி விட்டு, கறுப்பு நூலால் கண்களை எம்பிராய்டரி செய்யுங்கள். முயலுக்குக் கண்கள் பக்கவாட்டில் விலகி இருப்பதுதான் அழகு. மூக்குக்கு இளஞ்சிவப்பு நூலில் நாலு தையல் போதும். மீசையையும் நூலாலேயே தைத்துவிடுங்கள். குழந்தை கையில் கொடுப்பதற்கு முன் காது, கை, கால், வால் எல்லாவற்றையும் நீங்களே நன்றாக இழுத்துப் பாருங்கள். ஏதாவது லேசாக அசைந்தால் மறுபடி தையுங்கள்.

சொதப்பினா என்ன பண்றது?

பஞ்சு வெளியே தெரிகிறதா? ஊசியை 2.25 அல்லது 2 மி.மீ.க்கு மாற்றுங்கள். தலை ஒரு பக்கம் சாய்கிறதா? கழுத்தில் பஞ்சு போதவில்லை. 'வி' வடிவக் கண்ணிகள் உள்ளே போய்விட்டதா? பொம்மையைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். மூடும் முன்பே வெளியே புரட்டிவிடலாம். காது, கை தைப்பதற்கு முன் குண்டூசியால் குத்திப் பார்த்து இடம் முடிவு செய்யுங்கள். தைத்து முடித்ததும் குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.

விற்கலாமா?

பின்னிப் பழகியதும் வரும் அடுத்த கேள்வி இது. பாட்டர் 1943-ல் காலமானார். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை என்பதால், அவரது கதையும் படங்களும் இங்கே பொதுவுடைமை. ஆனால், கதாபாத்திரத்தின் பெயர் டிரேட்மார்க்காகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெயரை விளம்பரத்தில் போட்டு விற்பது சிக்கல். 'நீல ஜாக்கெட் முயல்' என்று சொல்லி விற்பது பாதுகாப்பு. சமீபத்திய சினிமா, கார்ட்டூன் பாத்திரங்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றின் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதேபோல, காசு கொடுத்து வாங்கிய பேட்டர்ன் பி.டி.எஃப்-ஐ வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வேர்டு பண்ணாதீங்க. அது ஒருத்தரோட உழைப்பு.

அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு போட்டுக் கையால் அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி நிழலில் காயவையுங்கள்.

புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு நாலைந்து மாலைப் பொழுதுகள் பிடிக்கலாம். அவசரம் வேண்டாம். முடித்ததும் பொம்மையோடு கதையையும் சேர்த்தே கொடுங்கள். வலையில் மாட்டும் கட்டம் வரும்போது ஜாக்கெட்டைக் கழற்றும் வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். "இன்னொரு தடவை சொல்லு"ன்னு கேட்டா, பீட்டர் உங்க வீட்டுக்காரன் ஆயிட்டான்னு அர்த்தம்!