மின்கலத்தின் மிச்சக் கணக்கு

கைத்தொலைபேசியின் திரையில் நூற்றுக்கு 30 என்ற எண் தெரிகின்றது. இன்னும் சில மணி நேரத்துக்குக் குறைவில்லை என்று நம்பிப் பேசத் தொடங்குகின்றோம். நான்கு வார்த்தை பேசுமுன் கருவி அணைந்துவிடுகின்றது. பற்றரி பழுதென்று தீர்ப்புக் கூறி அதனை எறிந்துவிடுகின்றோம். பற்றரியைக் குற்றவாளியாக்குமுன், அதனைப்பற்றிச் சான்று கூறிய அந்த எண்ணையும் விசாரிப்பதன்றோ முறை? அவ்விசாரணைக்கு வரலாறு நல்ல துணையாகும்.

இத்தாலிய அறிஞர் வோல்ற்றா தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்த ஆண்டு 1800. இங்கிலாந்தின் மைக்கேல் பரடே 1834 இல், கரைசலொன்றினூடே செல்லும் மின்னின் அளவுக்கேற்பவே அங்கு பொருளும் மாற்றமடைகின்றது என்று நிறுவினார். கண்ணுக்குப் புலப்படாத மின்னை நிறுத்துப் பார்க்க வழி பிறந்தது.

அவ்வழியைப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் எடிசன். நியூயோர்க் நகரின் பேர்ள் வீதியில் 1882 இல் அவர் மின்னிலையம் அமைத்தபோது, பயன்படுத்திய மின்னுக்குப் பணம் பெற ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. நாகசல்பேற்றுக் கரைசலில் நாகத் தகடுகளை நிறுத்தி, வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் மிகச் சிறு பங்கை அதனூடே செலுத்தினார். ஒரு தகடு தேய, மற்றது தடித்தது. மாதந்தோறும் பணியாளர் தகடுகளை எடுத்துக் கழுவி, உலர்த்தி, தராசில் நிறுத்துக் கணக்கெழுதினர்.

பிரான்சிய அறிஞர் பிளான்றே 1859 இல் ஆக்கிய ஈயச் சேமிப்புக்கலத்துக்கு இத்துணைச் சிரமமும் வேண்டியதில்லை. அதில் மின்னைப் பெறப்பெறக் கந்தக அமிலம் செலவாகின்றது. திரவம் நீர்த்துப் போகின்றது. பாலில் நீர் கலந்ததைப் பால்மானி காட்டுமாப்போல, நீர்மானி கலத்தின் நிலையைக் காட்டிவிடும். நிறைந்த கலத்தில் தன்னீர்ப்பு ஏறக்குறைய 1.28. மின் தீருந்தோறும் அவ்வெண் இறங்கும்.

இவ்வாறு கலத்தினுள்ளேயே எட்டிப் பார்க்கும் வசதி இலிதியம் அயன் கலத்தில் இல்லை. விற்றிங்காம், குடினவ், யோசினோ ஆகிய மூவரின் ஆய்வினால் உருவாகி, 1991 இல் சந்தைக்கு வந்து, 2019 இல் அவர்களுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த கலம் இது. இதில் இலிதியம் அயன்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சென்று மீள்கின்றன. இடைநின்ற திரவம் நீர்ப்பதில்லை. கலமும் முத்திரையிட்டு மூடப்பட்டது. ஆகவே உள்ளிருப்பை ஊகித்தறிய இரு வழிகளே எஞ்சின.

முதலாவது, வோல்ற்றளவைப் பார்த்தல். நிறைந்த கலம் சாதாரணமாக 4.2 வோல்ற்றும், தீர்ந்த கலம் 3 வோல்ற்று அளவும் காட்டும். ஆயின் வேலை செய்யும்போது அவ்வளவு தாழ்கின்றது. ஓய்வில் மீண்டும் உயர்கின்றது. குளிரும் அதனைத் தாழ்த்தும். இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகையிலோ பெரும்பகுதிக்கு வோல்ற்றளவு ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். பாதியையும் காலையும் பிரித்தறிதல் அரிது.

இரண்டாவது, வரவு செலவு எழுதுதல். உட்செல்லும் மின்னையும் வெளிவரும் மின்னையும் சிறியதொரு தடையினூடே அளந்து, கணந்தோறும் கூட்டிக் கழித்தல். எடிசனின் தகடுகள் செய்த தொழிலும் இதுவே. ஆனால் சிறு பிழையும் சேர்ந்து பெருகும். 3000 மில்லியம்பியர் மணிக் கொள்ளளவுள்ள கலத்தில், ஒரு மில்லியம்பியர் பிழை 30 நாள் தொடர்ந்தால் 720 மில்லியம்பியர் மணியாகும். அஃதாவது நூற்றுக்கு 24. மேலும், முதுமையால் கலத்தின் கொள்ளளவு சுருங்கியிருக்க, பழைய கொள்ளளவையே முதலாகக் கொண்டு எழுதும் கணக்கு எங்ஙனம் பொருந்தும்?

இன்டெல், டியூராசெல் நிறுவனங்கள் 1995 இல் பற்றரிக்குள்ளேயே கணக்கரை அமர்த்தும் பொது விதிமுறையை வெளியிட்டன. அத்தகைய கணக்கர்க்கும் இடையிடையே களஞ்சியத்தின் இருப்பைக் காட்டவேண்டும். கலத்தை முழுமையாக நிரப்பிச் சில மணி நேரம் ஓயவிடுக. பின்னர், கருவி தானாக அணையுமளவும் பயன்படுத்தி, மீண்டும் ஓயவிட்டு, இடையறாது நிரப்புக. இரு எல்லைகளையும் கண்ட மானி, பெரும்பாலும் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இதனை எப்போதாவது செய்தலே போதும். அடிக்கடி முற்றாக வெறுமையாக்குவது கலத்தைத் தேய்க்கும்.

அதன் பின்னும் கருவி 30 இலேயே அணையுமாயின், உட்தடை மிகுந்து கலம் மூப்படைந்திருத்தல் கூடும்; அப்போது மாற்றுவதே நியாயம். கலம் வீங்கியிருந்தாலோ எச்சோதனையும் வேண்டா. அதனை உடனே பயன்பாட்டினின்று நீக்குக. துளைத்தலும் தீயிலிடுதலும் ஆகா.

எடிசனின் பணியாளர் தகட்டை நிறுத்த பின்னரே கணக்கெழுதினர். நாமோ திரையில் தோன்றும் எண்ணையே தராசு என நம்புகின்றோம். அது கணக்கு மட்டுமே. கணக்கையும் இருப்பையும் ஒப்புநோக்கிய பின் தீர்ப்புக் கூறின், நல்ல கலம் குப்பைக்குப் போகாது; தளர்ந்த கலத்தை நம்பி நாமும் நடுவழியில் நிற்கமாட்டோம்.